மீனை எங்கிருந்து எதுவரை அளப்பது?

சிட்னிக்கு வந்து புதிதாகத் தூண்டில் போட ஆரம்பிக்கும் நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த மீன் எத்தனை சென்டிமீட்டர் இருக்கணும்?" என்பதுதான். அதற்குப் பதில் சுலபம். நியூ சவுத் வேல்ஸ் மீன்வளத்துறையின் செயலியில் இருக்கிறது, படகுத்துறைப் பலகைகளிலும் எழுதியிருக்கிறது. ப்ரீம் 25, ஸ்னாப்பர் 30, டெய்லர் 30, மணல் கிழங்கான் 27 என்று நாலு தடவை போனால் மனப்பாடமே ஆகிவிடும். ஆனால் அந்த 25 சென்டிமீட்டரை மீனின் எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் முடிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் குறைவு. பிரச்சினை வருவதெல்லாம் அங்கேதான்.

நான் தூத்துக்குடிக்காரன். தொழிலாகக் கடலுக்குப் போனதில்லை என்றாலும், வீட்டைச் சுற்றி எல்லாரும் அந்தத் தொழில்தான். அங்கே மீனைக் கிலோவில் பேசிப் பழகியவனுக்கு, இங்கே ஒவ்வொரு மீனையும் ஸ்கேலில் வைத்துப் பார்ப்பது ஆரம்பத்தில் புதுசாகத்தான் இருந்தது. இப்போது என் மகளும் நானும் போனால், மீனைத் தூக்குவது யார் என்பதைவிட அளப்பது யார் என்பதில்தான் சண்டை. பாட்டனி பே, ஜார்ஜஸ் ஆறு, ஹாக்ஸ்பரி ஆற்று முகத்துவாரம், லேக் மக்குவாரி என்று நாங்கள் சுற்றும் இடங்களில் பார்த்ததையும் பழகியதையும் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் மீன். நியூ சவுத் வேல்ஸில் சாதாரண மீன்களுக்கு மொத்த நீளம்தான் கணக்கு. மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை. வால் கவையாகப் பிரிந்த மீனிலும் கவையின் நடுப் பள்ளம் வரை அளந்து நிறுத்தக் கூடாது. மடலின் நுனி வரை போக வேண்டும். கவை வரை அளக்கும் முறையும் உலகத்தில் இருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் சூரை போன்ற மீன்களை அப்படித்தான் அளப்பார்கள். அந்தப் பழக்கத்தில் ஒருவர் டெய்லரை அளந்தால், சட்டப்படி எடுத்துக்கொள்ளக்கூடிய மீனையே விட்டுவிடுவார். அதனால் மீனுக்குக் கேடில்லை, குழம்புக்குத்தான் நஷ்டம். மோசமானது இதற்கு நேர்மாறானது. குட்டை மீனை நீட்டிக் காட்டும் பழக்கங்கள் சில உண்டு. செய்கிறவருக்கே அது தெரியாது என்பதுதான் சங்கடம்.

டேப்பை மீனின் உடம்புக்கு மேல் போட்டு அளப்பதுதான் அதில் முதலாவது. தையல்கார டேப்பை ப்ரீமின் முதுகுமேட்டில் ஏற்றி இறக்கினால் நீளம் கூடித்தான் வரும். கொழுத்த ப்ரீம், உயரமான ஸ்னாப்பர் இரண்டிலும் இது நன்றாகவே தெரியும். மீன் தட்டையான அளவுகோலின் மேல் கிடக்க வேண்டும். அளவுகோல் மீனின் மேல் கிடக்கக் கூடாது. இன்னொன்று, படகின் ஓரத்தில் ஒட்டிய ஸ்டிக்கர் ஸ்கேல். ஓரம் வளைந்திருந்தால் ஸ்கேலும் வளையும். வெயிலில் காய்ந்து, நுனி பிய்ந்து, பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் பசை மட்டும் மிச்சமிருக்கும் ஸ்டிக்கர்களை எத்தனையோ படகில் பார்த்திருக்கிறேன். புதிதாக ஒரு அளவுப் பாய் வாங்கினால், வீட்டில் இருக்கும் இரும்பு ஸ்கேலை அதன் மேல் வைத்து ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். மலிவான சில பாய்களில் கோடுகள் சரியாக அச்சாகி இருப்பதில்லை.

பூஜ்யத்தில் செங்குத்தாக ஒரு தடுப்பு உள்ள அளவுகோல்தான் என் விருப்பம். மூக்கு அந்தத் தடுப்பில் முட்டிவிட்டால் ஒரு முனை முடிந்தது, மறுமுனையை மட்டும் பார்த்தால் போதும். தடுப்பில்லாத பாயில் இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். மீன் அதற்குள் துள்ளிவிடும்.

ஃபிளாட்ஹெட்டை எடுத்துச் சொல்கிறேன், எங்கள் பக்கம் அதிகம் மாட்டுவது அதுதான். தட்டைத் தலை, மணல் நிறம், செவுள் மூடியில் கூரான முட்கள். தூக்கியதும் பாயில் போட்டால் உடம்பை வில்லாக வளைத்துவிடும். அந்த நிலையில் ஸ்கேலைப் பார்த்தால் குறைத்துத்தான் காட்டும். வாயைத் திறந்தால் கீழ்த்தாடை முன்னால் நீண்டு அளவைக் கூட்டும். என் மகள் செய்வது இது: முதலில் பாயில் தண்ணீர் ஊற்றுவாள். வெயிலில் கிடந்த பாய் சுடும், காய்ந்த பாய் மீனின் வழவழப்பை உரித்துவிடும். ஈரத் துணியை மீனின் கண்ணை மூடுவது போலத் தலைமேல் போடுவாள். பெரும்பாலும் உடனே அடங்கிவிடும். துணியோடு சேர்த்துத் தலையைப் பிடித்து மூக்கைத் தடுப்பில் முட்ட வைத்து, வாயை மூடி, மறு கையால் வாலை நேராக்குவாள். அப்புறம் வால் நுனிக்கு நேர் மேலே தலையைக் கொண்டுபோய்ப் படிப்பாள். பக்கவாட்டில் இருந்து எட்டிப் பார்த்தால் அரை சென்டிமீட்டர் கூடவோ குறையவோ தெரியும். எழுதும்போது நீளமாக இருக்கிறது. கை பழகிவிட்டால் மீன் தண்ணீரை விட்டு வெளியே இருக்கும் நேரம் மிகக் கொஞ்சம்தான்.

ஃபிளாட்ஹெட்டில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. கழிமுகத்தில் கிடைக்கும் டஸ்கி ஃபிளாட்ஹெட்டுக்குக் கீழ் வரம்பும் உண்டு, மேல் வரம்பும் உண்டு: 36 முதல் 70 சென்டிமீட்டர் வரை. எழுபதைத் தாண்டியதை எடுக்கவே கூடாது. "பெரிய மீனை ஏன் விடணும்?" என்று நம் ஆட்கள் சண்டைக்கே வருவார்கள். அந்த அளவுள்ள டஸ்கி அநேகமாக எல்லாமே பெட்டை. குளத்து நீரை நம்பி வயல் இருப்பது போல, அடுத்த வருடத்து ஃபிளாட்ஹெட் அவற்றின் சினையை நம்பி இருக்கிறது. எனக்கு இந்த மேல் வரம்பு ரொம்பப் பிடித்த சட்டம். பெரியதைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளும் ஆசைக்கும் இது குறுக்கே நிற்பதில்லை. படம் எடுங்கள், இரண்டு கையாலும் உடம்பைத் தாங்கிப் பிடியுங்கள், விட்டுவிடுங்கள். அதைச் செவுளில் கை நுழைத்து ஒரு கையில் தொங்கவிட வேண்டாம்.

அளப்பதற்கு முந்தைய வேலை ஒன்று இருக்கிறது: கையில் இருப்பது என்ன மீன் என்று தெரிய வேண்டும். அதே ஃபிளாட்ஹெட்டில் கடலோர மணலில் கிடைக்கும் நீலப்புள்ளி வகைக்கு 33 சென்டிமீட்டர் போதும், டஸ்கிக்கு 36 வேண்டும். 34 சென்டிமீட்டரில் ஒன்று கையில் இருக்கிறது என்றால், வாலை விரித்துப் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது. டஸ்கியின் வால் துடுப்பில் ஒரு கரும்புள்ளி இருக்கும், கீழ்ப்பக்கம் நீலச் சாயல் தெரியும். கிழங்கானிலும் இதே கதை. மணல் கிழங்கானுக்கு 27 என்ற வரம்பு உண்டு. சின்ன வகைகள் சிலவற்றுக்கு நீள வரம்பே இல்லை. மார்புத் துடுப்பு உடம்போடு சேரும் இடத்தில் கருமையான பொட்டு இருந்தால் மணல் கிழங்கான். ஊரில் வெள்ளைக் கிழங்கானைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். சந்தேகமாக இருந்தால் கூடுதல் வரம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

இனி நண்டு. தமிழ் ஆட்கள் அதிகமாகக் குழம்புவதும் அபராதம் வாங்குவதும் இதில்தான். நண்டு என்றாலே அகலம்தான் நமக்குக் கண்ணில் படும். ஓட்டின் இரண்டு பக்கமும் முள் நீட்டிக்கொண்டு நிற்கும் நீலக்கால் நண்டைப் பார்த்தால், யாருக்கும் குறுக்கே அளக்கத்தான் கை போகும். நியூ சவுத் வேல்ஸ் சட்டம் அதை நெடுக்கே அளக்கச் சொல்கிறது. கண்களுக்கு நடுவே ஓட்டின் முன் விளிம்பில் துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு பற்களுக்கு இடையில் ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தில் தொடங்கி ஓட்டின் பின் விளிம்பின் நடு வரை 6.5 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். சேற்று நண்டுக்கும் அதே கோடுதான், 8.5 சென்டிமீட்டர். நண்டு அளக்கும் கருவியான கேஜில் சின்ன முனை ஒன்று இருக்கும்; அது அந்தப் பள்ளத்தில் உட்காரும்படி வைத்து, மறு முனையைப் பின் விளிம்புக்குக் கொண்டுபோக வேண்டும். கேஜ் ஓட்டின் விளிம்பைத் தாண்டிக் காற்றில் நின்றால் நண்டு சின்னது. சினை வெளியே தெரியும் பெட்டை என்றால் கேஜே தேவையில்லை, எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தண்ணீருக்குள் போக வேண்டும்.

இதே நண்டு வடக்கே குயின்ஸ்லாந்து எல்லையைத் தாண்டினால் அளவு மாறிவிடுகிறது. எண் மட்டும் மாறவில்லை, அளக்கும் திசையே மாறுகிறது. அங்கே நீலக்கால் நண்டைக் குறுக்கே அளக்க வேண்டும். இரண்டு பக்கத்துப் பெரிய முட்களின் அடியில் இருக்கும் பள்ளத்திலிருந்து பள்ளம் வரை 11.5 சென்டிமீட்டர். சேற்று நண்டுக்கு ஓட்டின் மிக அகன்ற இடத்தில் 15 சென்டிமீட்டர். இரண்டிலும் கடுவன் மட்டும்தான். பெட்டையை எடுக்கவே கூடாது. மேற்கு ஆஸ்திரேலியாவில் இன்னும் வேறு. நீலக்கால் நண்டின் முள் நுனியிலிருந்து முள் நுனி வரை 12.7 சென்டிமீட்டர். ஒரே நாடு, ஒரே நண்டு, மூன்று கோடுகள். பிரிஸ்பேனிலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவர் அங்கே வாங்கிய கேஜை லேக் மக்குவாரியில் எடுத்து நீட்டினார். இங்கே அதனால் எந்தப் பிரயோஜனமும் இல்லை என்று படகுத்துறையிலேயே சொல்ல வேண்டியதாயிற்று. நல்ல வேளை, நண்டுக் கூடு போடுவதற்கு முன்னாலேயே பேச்சு வந்தது. ட்வீட் ஹெட்ஸ், கூலங்காட்டா பக்கம் குடும்பத்தோடு விடுமுறைக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வையுங்கள். அங்கே ஒரு தெருவைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடும். டஸ்கி ஃபிளாட்ஹெட்டின் வரம்பும் அங்கே 40 முதல் 75 வரை.

சிங்கி இறால் எடுக்கிறவர்கள் நம்மில் குறைவு, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். கொம்பையோ வாலையோ கணக்கில் சேர்க்கக் கூடாது. பெரிய உணர்கொம்புகள் இரண்டும் அடியில் சேரும் இடத்திலிருந்து தலை ஓட்டின் பின் விளிம்பின் நடு வரைதான். நியூ சவுத் வேல்ஸில் அது 10.4 முதல் 18 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

வரம்புக் கோட்டில் சரியாக வந்து நிற்கும் மீனை என்ன செய்வது? இதில் என் கருத்து உறுதியானது: விட்டுவிட வேண்டும். உயிரோடு அளந்தபோது 36 காட்டிய மீன் செத்து விறைத்து, ஐஸ் பெட்டியில் மணிக்கணக்கில் கிடந்தபின் கொஞ்சம் சுருங்கும். படகுத்துறையில் அதிகாரி தன் அளவுகோலில் வைக்கும்போது அது கோட்டைத் தொடாமல் போகலாம். "பிடித்தபோது சரியாக இருந்தது" என்று அவரிடம் எதைக் காட்டி நிரூபிப்பது? அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம்: சட்டம் 25 என்றால் எங்களுக்கு 26, சட்டம் 36 என்றால் எங்களுக்கு 37. மேல் வரம்பிலும் அப்படியே, எழுபதுக்குப் பக்கத்தில் வந்தாலே எடுப்பதில்லை. இந்த ஒரு சென்டிமீட்டரால் நாங்கள் பட்டினி கிடந்ததில்லை.

அளந்துவிட்டு விடும் மீன் பிழைக்க வேண்டும், இல்லையென்றால் அளந்ததற்கே அர்த்தமில்லை. கையை நனைத்துக்கொள்ளுங்கள். தூண்டில் முள்ளை மீன் தொண்டைக்குள் விழுங்கியிருந்தால் பிடுங்காதீர்கள். வாய்க்கு அருகே தங்கூசியை (தூண்டில் நரம்பை) வெட்டிவிட்டு விடுங்கள். உள்ளே கைவிட்டுக் கிழிப்பதைவிட முள்ளோடு விடப்படும் மீனுக்குப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம் என்று இங்கே ஆராய்ச்சி செய்து சொல்லியிருக்கிறார்கள். பார்த்தாலே சின்னது என்று தெரிகிற குஞ்சை அளக்கவே வேண்டாம், தண்ணீரிலேயே முள்ளைக் கழற்றிவிடலாம். "எதற்கும் பார்ப்போம்" என்று ஒவ்வொரு குஞ்சையும் பாயில் போட்டு உருட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். பிடித்ததையெல்லாம் வாளியில் போட்டுவைத்து, கடைசியில் மொத்தமாக அளந்து சின்னதைக் கொட்டுவதும் கூடாது. அளவு குறைந்த மீன் வாளியில் இருந்தாலே அது உங்கள் வசம் இருப்பதாகத்தான் கணக்கு. அதோடு, அது கொட்டும்போது பாதி செத்திருக்கும்.

மாமனாரும் மாமியாரும் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தபோது மாமாவை ஹாக்ஸ்பரிக்குக் கூட்டிப் போனேன். வள்ளத்தில் போய் வளர்ந்த மனிதர். எங்கள் தூண்டில், இரை, கயிறு எதைப் பற்றியும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையில் வந்த கத்தாளையை அளந்து நான் திரும்ப விட்டதும்தான் கேட்டார்: "என்ன மாப்ள, ரெண்டு வேளைக் குழம்புக்கு ஆகும், அதப் போயி விடுதீங்களே?" இங்கே மல்லோவே என்று சொல்லும் அந்தக் கத்தாளைக்கு இப்போது வரம்பு 70 சென்டிமீட்டர். 2013 வரை 45 ஆகத்தான் இருந்தது. பெட்டைக் கத்தாளையில் பாதி முதல்முறை சினை பிடிப்பதே ஏறக்குறைய 68 சென்டிமீட்டரில்தான் என்று ஆய்வில் தெரிந்திருந்தது. அப்படியென்றால் பழைய வரம்பில் எடுத்த பெட்டைகளில் பெரும்பாலானவை ஒருமுறைகூட முட்டை விடாதவை. மீன் வளம் மோசமாகச் சரிந்த பிறகு வரம்பை ஏற்றினார்கள். இதைச் சொன்னதும் மாமா சற்று நேரம் பேசவில்லை. அப்புறம், "நம்ம பக்கம் கத்தாளை சின்னச் சின்னதா வருதேன்னு ஏலத்துல பேசுவோம் மாப்ள. எத்தன சாண்ல சினை பிடிக்கும்னு யாரும் கேட்டது இல்ல" என்றார்.

ஊரில் யாருக்கும் அக்கறை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை, மீன் இனப்பெருக்கத்துக்காக. பக்கத்தில் கேரளம் 2015-இல் மீன்களுக்குக் குறைந்தபட்ச நீளத்தையே சட்டமாக்கியது. சாளைக்கு 10 சென்டிமீட்டர், அயிலைக்கு 14. ஆனால் வலையில் டன் கணக்கில் வரும் சாளையை ஒவ்வொன்றாக யார் அளப்பது? அங்கே அளவு கரைக்கு வந்த பிறகு பார்க்கப்படும் விஷயம். உண்மையான வேலையை வலைக் கண்ணின் அகலம்தான் செய்ய வேண்டும். தூண்டில்காரனுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஒரு மீன், ஒரு அளவுகோல், உயிரோடு திரும்ப விடும் வசதி மூன்றும் அவன் கையில் இருக்கின்றன. அதனால்தான் தூண்டில்காரன் அளவில் ஏமாற்றுவதை என்னால் பொறுக்க முடிவதில்லை.

இனி வீட்டுக்குக் கிளம்பும் நேரம். மீனை அங்கேயே துண்டு போட்டுப் பைகளில் கட்டிக்கொண்டு போகும் பழக்கம் நமக்கு உண்டு. இங்கே நீள வரம்புள்ள மீனைத் தண்ணீர்க் கரையில் வைத்துத் தலையை வெட்டவோ துண்டு போடவோ கூடாது. செவுளையும் குடலையும் எடுக்கலாம், அவ்வளவுதான். மீன் சுத்தம் செய்யவென்றே ஒதுக்கிய மேடைகளுக்கும், உடனே சமைத்துச் சாப்பிடுவதற்கும் விதிவிலக்கு உண்டு. காரணம் எளிது: துண்டு போட்ட மீனை யாராலும் அளக்க முடியாது. பாறையில் நின்று பிடித்த நல்ல அளவுள்ள ஸ்னாப்பரைத் தலை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு காருக்கு நடந்த ஒருவர், அதிகாரியிடம் மாட்டியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மீன் அளவு இருந்திருக்கும் என்றுதான் எனக்கும் பட்டது. காட்டுவதற்குத்தான் தலை இல்லை. முழு மீனாக ஐஸில் போட்டு எடுத்துப் போங்கள், வீட்டில் அம்மியோ மிக்ஸியோ மசாலா அரைத்து முடிக்கும் முன் வெட்டிவிடலாம்.

பரமட்டா, வென்ட்வொர்த்வில் பக்கம் இருக்கும் நம் ஆட்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சிட்னி ஹார்பர் பாலத்துக்கு மேற்கே பிடிக்கும் எந்த மீனையும் நண்டையும் சாப்பிட வேண்டாம் என்று அரசே சொல்லியிருக்கிறது. பழைய தொழிற்சாலைக் கழிவின் டயாக்சின் என்ற நச்சு அடிச் சேற்றில் தங்கியிருக்கிறது. அங்கே எவ்வளவு சரியாக அளந்தாலும் மீன் தண்ணீருக்குத்தான் போக வேண்டும். வீட்டுக்குப் பக்கம் என்று பரமட்டா ஆற்றில் கூடு போடுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். சமையலுக்கு மீன் வேண்டுமென்றால் கொஞ்சம் தூரம் போய் பாட்டனி பேயில் போடலாம். 2002-லிருந்து அங்கே வணிக மீன்பிடி இல்லை, தூண்டில்காரர்களுக்கென்றே விட்டிருக்கிறார்கள்.

அளவுகள் அவ்வப்போது மாறும். கத்தாளையில் மாறியதைச் சொன்னேன், ஃபிளாட்ஹெட்டின் மேல் வரம்பும் பிற்பாடு வந்ததுதான். நான் மேலே எழுதிய எண்களை வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ளாதீர்கள். கிளம்பும் முன் மீன்வளத்துறைச் செயலியைத் திறந்து, போகிற மாநிலம், பிடிக்கப்போகும் மீன், அளக்கும் படம் மூன்றையும் பாருங்கள். படத்தில் அம்புக்குறி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை நிதானமாகப் பார்த்துவிட்டுத் தூண்டிலை எடுங்கள்.